பெர்கேயும் ஹுலாகுவும் மோதியது பாக்தாத்துக்காகவா, புல்வெளிக்காகவா?

1258-இல் பாக்தாத்தை அழித்து அப்பாசிய கலீஃபாவைக் கொன்ற மங்கோலிய இளவரசர் ஹுலாகுவைப் பழிவாங்கத்தான், வடக்கே வோல்கா ஆற்றுப் பகுதியை ஆண்ட, இஸ்லாத்தைத் தழுவியிருந்த மங்கோலிய மன்னர் பெர்கே கான் அவர்மீது போர் தொடுத்தாரா என்பது கேள்வி. இந்த விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் கிடைத்துள்ள செய்திகளைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, அந்தப் போரின் வேர் பாக்தாத்தில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. காக்கசஸ் மலைகளுக்குத் தெற்கே குரா ஆறும் அராஸ் ஆறும் கூடும் முகான் சமவெளியின் மேய்ச்சல் நிலத்திலும், தப்ரீஸ் போன்ற நகரங்களின் வரி வருவாயிலும்தான் அது இருக்கிறது. பாக்தாத்தின் அழிவு அந்தப் பழைய வழக்குக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது. எகிப்தில் ஒரு கூட்டாளியையும் பெற்றுத் தந்தது.

முதலில் உறவுமுறையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சி. கடைசி மகன் தொலுய். ஜோச்சியின் மகன்கள் பாத்துவும் பெர்கேயும். தொலுயின் மகன்கள் மோங்கே, குப்ளாய், ஹுலாகு, அரிக் போகே ஆகிய நால்வர். ஆக, பெர்கேயும் ஹுலாகுவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரு பாட்டனின் சொத்துக்கு உரிமை கொண்டாடிய பங்காளிகள். இரண்டு குடும்பங்களும் தொடக்கத்தில் பகைவர்களாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1251-இல் மோங்கே பேரரசரானதே பாத்துவின் ஆதரவால்தான். செங்கிஸ் கானின் மற்ற மகன்களான ஒகெதெய், சகதாய் ஆகிய இருவரின் வழித்தோன்றல்களை ஓரங்கட்டிவிட்டுத் தொலுயின் மகனை அரியணையில் ஏற்றும் அந்த வேலையை, பாத்துவின் சார்பில் முன்னின்று நடத்தியவர் பெர்கேதான். அந்த உதவிக்குக் கைம்மாறாக மேற்குப் பகுதிகளில் தங்கள் குடும்பத்தின் கை ஓங்கியிருக்கும் என்று ஜோச்சியின் வழியினர் எதிர்பார்த்தது இயல்பே.

அந்த எதிர்பார்ப்புக்கு இன்னும் பழைய அடிப்படையும் இருந்தது. செங்கிஸ் கான் தம் மகன்களுக்கு நாடுகளைப் பிரித்துக் கொடுத்தபோது, மேற்குத் திசையில் மங்கோலியக் குதிரையின் குளம்பு பட்ட இடம் வரை ஜோச்சிக்கு என்று ஒதுக்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். இந்த வரையறையின்படி காக்கசஸுக்குத் தெற்கிலுள்ள அர்ரான், அஜர்பைஜான் ஆகிய பகுதிகளும் தங்களுக்கே சேரும் என்று ஜோச்சியின் வழியினர் வாதிட்டார்கள். நடைமுறையிலும் 1240-களில் ஜார்ஜிய இளவரசர்களும் அனத்தோலியாவின் செல்ஜுக் சுல்தான்களும் வோல்கா ஆற்றங்கரையிலிருந்த பாத்துவின் முகாமுக்குத் தூது அனுப்பித் தங்கள் பட்டத்தை உறுதிசெய்துகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறிய செய்தியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1253-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் கடிதத்தோடு பாத்துவின் முகாமுக்குச் சென்ற வில்லியம் ரூப்ருக் என்ற துறவி, பெர்கேயைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். பெர்கே தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதாகவும், தம் முகாமில் பன்றியிறைச்சி உண்ண அனுமதிப்பதில்லை என்றும் குறிப்பிட்டுவிட்டு, மிக முக்கியமான வேறொன்றையும் சொல்கிறார். அதுவரை பெர்கேயின் மேய்ச்சல் நிலம் டெர்பெந்த் கணவாய்ப் பக்கம் இருந்தது; பாரசீகத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் பாத்துவிடம் வந்த முஸ்லிம்கள் எல்லாரும் அந்த வழியாகவே வந்து, போகிற போக்கில் பெர்கேக்கும் பரிசுகள் கொடுத்துவிட்டுச் சென்றார்கள்; அது தமக்கு நல்லதல்ல என்று எண்ணிய பாத்து, பெர்கேயை வோல்காவுக்குக் கிழக்கே இடம் மாறும்படி ஆணையிட்டார். பாக்தாத் விழுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுந்த நிலைமை இது. காஸ்பியன் கடலுக்கும் மலைக்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய வாயிலின் மதிப்பு என்ன, அதன் தெற்கிலிருந்து வரும் செல்வம் எவ்வளவு என்பதைப் பெர்கே அனுபவத்தில் அறிந்திருந்தார். சொந்த அண்ணனோடுகூட அவருக்கு அதை வைத்து உரசல் இருந்தது.

இனி ஹுலாகுவின் பக்கம். மோங்கே 1253-இல் தம் தம்பி ஹுலாகுவை மேற்கே அனுப்பினார். அலமூத் முதலிய மலைக்கோட்டைகளில் இருந்த நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா பிரிவினரை ஒடுக்குவதும், கலீஃபாவைப் பணியவைப்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. இந்தப் படை ஒரு குடும்பத்தின் படையாக இருக்கவில்லை. பேரரசின் எல்லாக் கிளைகளும் தத்தம் வீரர்களில் பத்துக்கு இருவர் வீதம் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜோச்சி குடும்பத்தின் சார்பில் பலகாய், தூத்தார், குலி என்ற மூன்று இளவரசர்கள் தங்கள் படைகளோடு வந்து சேர்ந்தார்கள். வேலை முடிந்ததும் திரும்பி வர வேண்டும் என்று மோங்கே வெளிப்படையாகச் சொன்னாலும், தம்பி அங்கேயே நிலைத்து ஆள வேண்டும் என்பதே அவருடைய உள்ளக்கிடக்கை என்று பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். ரஷீதுத்தீன் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கஸானிடம் அமைச்சராக இருந்தவர் என்பதால், ஹுலாகு குடும்பத்தின் உரிமையை நிலைநாட்டும் வகையில் அவர் எழுதியிருக்கலாம் என்ற எச்சரிக்கை நமக்குத் தேவை. எனினும் ஹுலாகுவின் செயல்கள், திரும்பிப் போக நினைத்தவரின் செயல்களாக இல்லை. முகான் சமவெளியில் ஏற்கெனவே குளிர்காலத்தைக் கழித்து வந்த தளபதி பைஜுவின் படையை மேற்கே அனத்தோலியாவுக்கு நகர்த்திவிட்டு, அந்த நிலத்தைத் தம் படைக்கு எடுத்துக்கொண்டார்.

ஏன் முகான்? ஒரு மங்கோலிய வீரன் ஒற்றைக் குதிரையோடு போருக்குப் போவதில்லை. ஒவ்வொருவனிடமும் பல குதிரைகள் இருக்கும். அவற்றோடு குடும்பங்களும் ஆட்டு மந்தைகளும் சேர்ந்து நகரும். ஈரானிய மேட்டுநிலத்தின் பெரும்பகுதி வறண்டது. சிரியாவோ இன்னும் மோசம். 1262-இல் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதத்தில், சிரியாவிலிருந்து தாம் பின்வாங்கியதற்குத் தீவனமும் புல்லும் தீர்ந்துபோனதைக் காரணமாக ஹுலாகுவே குறிப்பிடுகிறார். குளிர்காலத்தில் பனி குறைந்த, நீர்வளமும் புல்வளமும் உள்ள சமவெளியும், அதற்கு எட்டும் தொலைவிலேயே கோடையில் ஏறிச்செல்ல உயர்ந்த மலைப் புல்வெளியும் சேர்ந்து கிடைக்கும் இடம் அந்த வட்டாரத்தில் முகானும் அர்ரானும் அஜர்பைஜானும்தான். அவற்றை இழந்தால் ஈரானில் ஒரு பெரிய குதிரைப்படையை நிரந்தரமாக வைத்திருக்க இயலாது. வடக்கிலிருந்த ஜோச்சியின் வழியினருக்கு உயிர்வாழ அந்த நிலம் தேவைப்படவில்லை, அவர்களிடம் கிப்சாக் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. ஆனால் அதையும் அதை ஒட்டிய தப்ரீஸ், மராகா போன்ற நகரங்களையும் தங்கள் பங்கு என்றே அவர்கள் கருதினார்கள்.

பங்கு என்பது நிலத்தோடு நிற்கவில்லை. போரில் கிடைக்கும் பொருளை ஐந்தாகப் பிரித்து, இரண்டு பங்கு பேரரசருக்கும் இரண்டு பங்கு படைக்கும் ஒரு பங்கு பாத்துவின் குடும்பத்துக்கும் கொடுப்பது வழக்கமாக இருந்தது என்றும், பாத்து மறைந்து பெர்கே ஆட்சிக்கு வந்தபின் ஹுலாகு அந்தப் பங்கை அனுப்பாமல் நிறுத்திவிட்டார் என்றும், பகை அங்கிருந்துதான் மூண்டது என்றும் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் நாட்டு அரபு வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. இதை நான் மிகவும் மதிக்கிறேன். பெர்கேயை இஸ்லாத்தின் காவலராகக் காட்டுவதில் ஆர்வம் கொண்டிருந்த நாட்டிலிருந்து வரும் குறிப்பு இது. அப்படியிருந்தும் அது மதத்தை விட்டுவிட்டுக் கொள்ளைப் பங்கைக் காரணமாகச் சொல்கிறது. பாக்தாத் முற்றுகையிலும் ஜோச்சி குடும்பத்தின் படைகள் கலந்துகொண்டன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1258 பிப்ரவரியில் அந்த நகரம் சூறையாடப்பட்டபோது பெர்கேயின் உறவினர்கள் ஹுலாகுவின் கொடியின்கீழ்தான் நின்றார்கள். அவர்களைப் பெர்கே திரும்ப அழைத்ததற்கு எந்தத் தடயமும் இல்லை.

பிறகு அந்த மூன்று இளவரசர்களும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். பலகாய் ஒரு விருந்தின்போது திடீரென்று இறந்துபோனார். தூத்தார் சூனியம் வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். ஹுலாகு அவரை நேரடியாகத் தண்டிக்காமல், குடும்ப மூத்தவர் என்ற முறையில் பெர்கேயிடம் அனுப்பிவைத்தார். குற்றம் உறுதியானதால் பெர்கே அவரை ஹுலாகுவிடமே திருப்பி அனுப்பினார். 1260 பிப்ரவரியில் தூத்தார் கொல்லப்பட்டார். குலியும் இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றுவிட்டார்கள் என்ற ஐயம் ஜோச்சி முகாமில் பரவியது. தூத்தாரின் இந்தக் கதையில் அந்தக் காலத்து மங்கோலிய அரசியலின் நடைமுறை முழுவதையும் காண்கிறேன். 1260-இன் தொடக்கத்தில்கூட ஒரு கிளையின் தலைவர் மற்றொரு கிளையின் இளவரசரைக் கேட்காமல் கொல்லத் தயங்கினார். பாட்டன் வகுத்த சட்டத்துக்கு இருவரும் வெளிப்படையாகவாவது கட்டுப்பட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்தத் தயக்கம் போய்விட்டது.

அது போனதற்குக் காரணம், 1259 ஆகஸ்டில் சீனாவின் சிச்சுவானில் சோங் அரசுக்கு எதிரான படையெடுப்பின்போது மோங்கே இறந்ததுதான். 1260-இல் குப்ளாய் சீனாவின் கைபிங்கில் ஒரு குருல்தாய் (இளவரசர்களும் தலைவர்களும் கூடும் பேரவை) கூட்டித் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். அரிக் போகே மங்கோலியத் தலைநகரான காரகோரம் வட்டாரத்தில் இன்னொரு குருல்தாய் கூட்டித் தாமே பேரரசர் என்றார். ஹுலாகு குப்ளாயை ஏற்றார். பெர்கே அரிக் போகே பக்கம் சாய்ந்தார். வோல்காவின் பல்கார் நகரில் அரிக் போகேயின் பெயரில் நாணயங்கள் அடிக்கப்பட்டன. காரகோரத்துக்குச் சீனாவிலிருந்து போய்க்கொண்டிருந்த தானியத்தைக் குப்ளாய் நிறுத்தியதும் அரிக் போகே தளர்ந்து, 1264-இல் சரணடைந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் பங்காளிகளின் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல எல்லாரும் ஏற்கும் ஒரு பேரரசர் இல்லை. அமூ தரியா தொடங்கி மேற்கே உள்ள நாடுகளைக் குப்ளாய் ஹுலாகுவுக்கே அளித்தார். அதனால் படைத்தலைவராக வந்த ஹுலாகு, நாட்டின் உரிமையாளராகவே ஆகிவிட்டார். ஜோச்சி குடும்பத்தின் கோரிக்கைக்குக் கதவு அடைபட்டது. பாக்தாத் அழிந்தது 1258-இல், போர் வெடித்தது 1262-இல் என்ற நான்கு ஆண்டு இடைவெளிக்கு இதுவே பொருத்தமான விளக்கம். மோங்கே உயிரோடு இருந்தவரை பெர்கேயால் பொருமத்தான் முடிந்தது என்று சொல்லி மதக் காரணத்தையும் இதே இடைவெளியோடு பொருத்தலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1259-க்கும் 1262-க்கும் இடையில் புதிதாக நடந்தவை இளவரசர்களின் சாவும் நில உரிமையின் மாற்றமும்தான்.

ஹுலாகுவின் படையிலிருந்த ஜோச்சி வீரர்கள் மூன்று திசைகளில் ஓடினார்கள். ஒரு பகுதியினர் டெர்பெந்த் வழியாக வடக்கே திரும்பினர். நெகுதார் என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம் கிழக்கே இன்றைய ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, நெகுதாரிகள் என்ற பெயரில் நெடுங்காலம் அந்த வட்டாரத்தை அலைக்கழித்தது. ஏறத்தாழ 200 குதிரைவீரர்கள் 1262-இல் கெய்ரோவுக்கே போய்ச் சேர்ந்தனர். எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அவர்களை வரவேற்று, லூக் என்ற பகுதியில் வீடுகள் கட்டிக்கொடுத்துத் தம் படையில் சேர்த்துக்கொண்டார்.

1262 இலையுதிர்காலத்தில் பெர்கேயின் தளபதி நோகாய் 30,000 பேரோடு டெர்பெந்தைக் கடந்து அதன் தெற்கிலுள்ள ஷிர்வான் பகுதிக்குள் இறங்கினார். நோகாய், கொல்லப்பட்ட தூத்தாரின் உறவினர். அவருடைய இரத்தத்துக்குக் கணக்குக் கேட்கவே நோகாய் அனுப்பப்பட்டதாக ரஷீதுத்தீன் சொல்வது கவனிக்கத்தக்கது. ஷமாகிக்கு அருகே ஹுலாகுவின் முன்னணிப் படை தோற்றது. சில வாரங்களில் ஷபரானுக்கு அருகே நிலைமை தலைகீழாகி நோகாய் பின்வாங்கினார். டிசம்பரில் ஹுலாகுவின் படை டெர்பெந்த் வாயிலைக் கைப்பற்றி, மலைக்கு வடக்கே பெர்கேயின் நாட்டுக்குள்ளேயே நுழைந்தது. ஹுலாகுவின் மகன் அபாகா டெரெக் ஆற்றைக் கடந்தபோது எதிரில் எவரும் இல்லை. கூடாரங்களும் மந்தைகளும் குடும்பங்களும் அப்படியே கிடந்தன. வீரர்கள் மூன்று நாட்கள் அங்கேயே தங்கி விருந்துண்டு களித்தார்கள். 1263 ஜனவரி நடுவில் வடபுலப் படை திரும்பி வந்து பாய்ந்தது. காலையிலிருந்து மாலை வரை நடந்த சண்டையில் அபாகாவின் படை உடைந்து தெற்கே ஓட, உறைந்திருந்த டெரெக்கின் மேல் குதிரைகள் திரளாக ஏறியதும் பனிக்கட்டி பிளந்து, எண்ணற்றோர் நீரில் மூழ்கினர். அபாகா தப்பிவிட்டார். பெர்கேயின் படை டெர்பெந்த் வரை துரத்தி வந்துவிட்டுத் திரும்பியது. இரண்டு பக்கமும் ஒரே வகை வில், ஒரே போர்முறை, ஒரே மொழி. ஓடுவதுபோல் ஓடி எதிரியை உள்ளே இழுத்து வளைத்துக்கொள்ளும் பழைய உத்தி, அதே உத்தியில் பயின்ற படையின்மீது பலித்தது.

களத்துக்கு வெளியே நடந்தவை இதைவிடக் கொடியவை. ஹுலாகு தப்ரீசில் இருந்த பெர்கேயின் வணிகர்களைக் கொன்று அவர்களுடைய பொருளைப் பறித்துக்கொண்டார். பெர்கே தம் நாட்டிலிருந்த ஹுலாகுவின் வணிகர்களைக் கொன்றார். புகாரா நகரின் கதை என்னை எப்போதும் வாட்டுவது. அந்த நகரத்தில் கணக்கெடுக்கப்பட்ட 16,000 பேரில் 5,000 பேர் பாத்துவின் குடும்பத்துக்கும் 3,000 பேர் ஹுலாகுவின் தாயாருக்கும் மற்றவர்கள் பேரரசின் நடுவண் கருவூலத்துக்கும் உரியவர்கள் என்று வஸ்ஸாஃப் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். செங்கிஸ் கானின் ஏற்பாட்டில் ஒரே ஊரின் வருவாயில் எல்லாக் கிளைகளுக்கும் பங்கு இருந்தது. ஒருவரையொருவர் சார்ந்து நிற்கச் செய்வதற்கான ஏற்பாடு அது. சண்டை மூண்டபோது, பாத்துவின் குடும்பத்துக்கு உரியவர்கள் என்று பதிவாகியிருந்த அந்த 5,000 பேரும் ஊருக்கு வெளியே கொண்டுபோகப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கைவினைஞர்களாகவும் முஸ்லிம்களாகவும் இருந்திருக்கக்கூடிய அந்த மக்களுக்குப் பெர்கேயின் முகத்தைக்கூடத் தெரிந்திருக்காது. சாதாரண மக்களுக்கு இந்தப் போர் என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெர்கேயும் பைபர்ஸும் கொண்ட உறவுக்கு வருவோம். 1260 செப்டம்பரில் அய்ன் ஜாலூத்தில் மங்கோலியப் படையை மம்லூக்குகள் தோற்கடித்தது எல்லாரும் அறிந்தது. ஆனால் அங்கே தோற்றது ஹுலாகு விட்டுச்சென்ற தளபதி கிட்புகாவின் சிறு படைதான்; முழுப்படையோடு ஹுலாகு திரும்பி வருவார் என்ற அச்சம் கெய்ரோவில் நீங்கவில்லை. பைபர்ஸ் கிப்சாக் புல்வெளியில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். அவருடைய படைக்கு ஆள் வர வேண்டிய இடமும் பெர்கேயின் நாடுதான். எனவே பெர்கேக்கு அவர் கடிதம் எழுதி, ஹுலாகு மீது போர் தொடுப்பது முஸ்லிமான அவருடைய கடமை என்று தூண்டினார். உதுமான் கலீஃபா காலத்தது என்று நம்பப்பட்ட குர்ஆன் படி, தொழுகை விரிப்புகள், ஒட்டகச்சிவிங்கி உட்படப் பல பரிசுகள் சென்றன. கெய்ரோவிலும் மக்கா, மதீனா, ஜெருசலேம் நகரங்களிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் சுல்தானுக்கு அடுத்துப் பெர்கேயின் பெயர் சொல்லப்பட்டது. தூதர்களும் அடிமை வணிகர்களும் கான்ஸ்டான்டினோப்பிளின் நீர்வழியாகவே போய்வர வேண்டியிருந்ததால் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேலும் இந்தச் சதுரங்கத்துக்குள் வந்தார். அவர் ஹுலாகுவுக்கு அஞ்சித் தூதர்களைத் தடுத்துவைத்தபோது, 1264–65 குளிர்காலத்தில் பல்கேரியரும் வடபுல மங்கோலியரும் சேர்ந்து திரேஸ் பகுதியைச் சூறையாடினார்கள்.

அப்படியானால் பெர்கேயின் மதப்பற்று வெறும் வேடமா? அப்படி நான் நினைக்கவில்லை. பாக்தாத் விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் முஸ்லிமாகிவிட்டார். புகாராவின் சூஃபி பெரியவர் சைஃபுத்தீன் பாகர்ஸியோடு அவருக்கு இருந்த தொடர்பு உண்மையானது. கலீஃபாவின் கொலை அவரை உலுக்கியிருக்கும். ரஷீதுத்தீன் அவர் வாயில் வைக்கும் குற்றச்சாட்டில், ஹுலாகு முஸ்லிம் நகரங்களை அழித்தார் என்பதோடு, உறவினர்களைக் கலந்துகொள்ளாமல் கலீஃபாவை ஒழித்தார் என்பதும் இருக்கிறது. இந்த இரண்டாவது பகுதியில்தான் ஜோச்சியின் மகன் பேசுகிறார்: கொன்றதோடு, எங்களைக் கேட்காமல் கொன்றதும் குற்றம். மறுபுறம், இதே பெர்கேயின் ஆட்சியில்தான் 1261-இல் அவருடைய தலைநகர் சராயிலேயே ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு ஓர் ஆயர் பீடம் ஏற்பட்டது. மதத்துக்காக மட்டுமே வாளெடுக்கும் மனிதராக அவர் தம் நாட்டை ஆளவில்லை.

ஹுலாகு 1265 பிப்ரவரியில் இறந்தார். சிரியாவுக்குத் திரும்பி அய்ன் ஜாலூத்துக்குப் பதிலடி கொடுக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அந்தக் கோடையிலேயே நோகாய் மறுபடி டெர்பெந்த் வழியாக வந்தார்; அக்சு ஆற்றருகே நடந்த சண்டையில் ஒரு கண்ணை இழந்து பின்வாங்கினார். பிறகு பெர்கேயே பெரும்படையோடு வந்தார். அபாகா குரா ஆற்றைக் கடந்து தென்கரைக்கு மீண்டு பாலங்களை அழித்துவிட, இரண்டு படைகளும் ஆற்றின் இரு கரைகளிலும் நின்று அம்பெய்துகொண்டிருந்தன. மேல்நோக்கிச் சென்று திபிலிசிப் பக்கம் ஆற்றைக் கடக்கலாம் என்று நகர்ந்த பெர்கே வழியிலேயே இறந்தார். படை கலைந்து வடக்கே திரும்பியது. அதன்பின் அபாகா குராவின் கரையோரமாக அகழியும் தடுப்பரணும் அமைத்து, முறைவைத்துக் காவல் போட்டார். எந்தச் சுவரையும் மதிக்காமல் சீனாவிலிருந்து ஹங்கேரி வரை போன மரபின் பேரன், சொந்தப் பங்காளிக்கு எதிராகச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவர் காத்து நின்றது பாக்தாத்தை அல்ல, முகானின் புல்லை.

இந்த விளக்கத்துக்கு எனக்குக் கிடைக்கும் மிக வலுவான ஆதாரம் பெர்கேயின் காலத்துக்குப் பின்னால் வருகிறது. 1295-இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கஸான் இஸ்லாத்தைத் தழுவினார். அதன்பின் ஈரானை ஆண்ட ஈல்கான்கள் (ஹுலாகு வழி மன்னர்கள்) எல்லாரும் முஸ்லிம்களே. பாக்தாத்துக்காகத்தான் பகை என்றால் அது அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வடக்கிலிருந்து ஜோச்சி வழி வந்த மன்னர் தோக்தா கான் தூதனுப்பி, அர்ரானையும் அஜர்பைஜானையும் தங்கள் பாட்டன் சொத்து என்று கேட்டார். 1304-இல் எல்லாக் கிளைகளும் சமாதானம் பேசிய பிறகும் வழக்கு ஓயவில்லை. வடபுல நாட்டை முழுமையாக இஸ்லாமிய அரசாக மாற்றிய உஸ்பெக் கான், 1318–19-லும் 1335-லும் அதே டெர்பெந்த் வழியாக, அதே குரா ஆற்றை நோக்கி, முஸ்லிம் ஆட்சியின்மீது படையெடுத்தார். அவருடைய மகன் ஜானி பெக் 1357-இல் தப்ரீசைக் கைப்பற்றியபோது, எதிர்த்து நிற்க ஹுலாகுவின் அரசே எஞ்சியிருக்கவில்லை. நகரத்தில் தம் மகன் பெர்திபெக்கை விட்டுவிட்டு அவர் வடக்கே திரும்பினார், சில மாதங்களில் பெர்திபெக்கும் சராய் அரியணையைத் தேடித் தப்ரீசைக் கைவிட்டுப் போய்விட்டார்.